வாய்க்கால் களை: எந்த மாதத்தில் இறங்கிப் பிடுங்குவது?

நீர்க்கோழி:

வணக்கம். நான் பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறேன். எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு சிறு வாய்க்கால் ஓடித் தியவன்னா ஓயாவில் சேர்கிறது. அதில் இருநூறு மீற்றர் நீளத்தை, இரு கரையோடும் சேர்த்து, மூன்று வருடமாக நாங்கள் சிலர் துப்புரவு செய்து வருகிறோம். அனுமதி வாங்கித்தான் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேர் வருவார்கள், சில நாள் மூன்று பேர்தான்.

முதல் வருடம் பெப்ரவரியில் இறங்கினோம். மழை இல்லை, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. ஊதாப்பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை, சிங்களத்தில் ஜப்பான் ஜபர என்பார்களே, அதை முழுவதும் வாரிக் கரையில் போட்டோம். வாய்க்கால் கண்ணாடி மாதிரி இருந்தது. மே மாத மழை வந்தது. ஓகஸ்டில் தண்ணீரே தெரியவில்லை.

இரண்டாம் வருடமும் பெப்ரவரி, அதே கதை. மூன்றாம் வருடம் நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தோம், மழை விடவே இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் யாரை இறக்குவது? கைவிட்டோம். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் எங்கும் பூ.

கரையில் இன்னொரு தொல்லை வெல் ஆத்தா. நம் அன்னமுன்னா மாதிரி இலையும் காயும் உள்ள மரம். வெட்டிய இடத்திலேயே முளைக்கிறது.

என் கேள்வி இதுதான். மழை இப்படி மாதம் தவறி வருகிற காலத்தில் எதை நம்பி நாள் வைப்பது? பத்து வருடம் செய்தாலும் சரி, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் வருடமாகவே இருப்பது மனதை உடைக்கிறது.


கொலன்னாவை வாசி:

தம்பி, கை வைத்து வாரி முடியாது. பேக்கோ இயந்திரம் இறக்க வேண்டும். 2016 மே வெள்ளத்தில் எங்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். அப்போது பார்த்தேன், ஒழுங்கைக்குக் கீழே உள்ள மதகு வாயில் இந்தச் செடி மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. மதகுக்கு மேல் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, கீழ்ப் பக்கம் இறங்கி ஓடுகிறது. இரண்டு பேர் தடி கொண்டு குத்திக் குத்தி உடைத்தார்கள். அந்த மெத்தைமேல் ஒரு ஆள் ஏறி நிற்கலாம், அவ்வளவு கனம்.

அதற்குப் பிறகு ஒருமுறை இயந்திரம் வந்தது. வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். ஏற்றிப்போக லொறி வரும் என்றார்கள், வரவில்லை. பத்தாம் நாள் பெரிய மழை. குவியலில் பாதி திரும்பவும் வாய்க்காலுக்குள். அடியில் இருந்தது உயிரோடுதான் இருந்தது. இதை நேரில் கண்டவன் நான்.


ஓய்வாசிரியர், தெஹிவளை:

நீர்க்கோழி, மனம் உடைய வேண்டாம். மூன்று வருடத்தில் நீங்கள் கண்டது எல்லாமே அந்தச் செடியின் இயல்புதான். நான் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். தமிழில் ஆகாயத்தாமரை என்று பழைய மருத்துவ நூல்கள் சொல்வது வேறு செடி. வெல்வெட் மாதிரி மடிப்பு இலையோடு சிறு கோவா போல மிதக்குமே, அது. நீங்கள் வாரியது, காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும் செடி. தமிழ்நாட்டில் வெங்காயத்தாமரை என்கிறார்கள். இங்கே நம் ஆட்கள் மிதக்கிற எல்லாவற்றையும் சல்வீனியா என்றும் சொல்வார்கள், ஆனால் சல்வீனியா மூன்றாவது ஒன்று. பெயர் எதுவானால் என்ன என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் மூன்றும் மழைக்கும் வெயிலுக்கும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

வெங்காயத்தாமரை இலங்கைக்கு வந்தது 1900களின் தொடக்கத்தில், பூ அழகுக்காக. சில வருடத்திலேயே கை மீறிப் போய், 1909இல் இந்த ஒரு செடிக்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாயிற்று, செடி இன்னும் இருக்கிறது. காரணம் விதை. பூ வாடியதும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் தலையை விடும், விதை சேற்றில் விழும். சேற்றுக்குள் பதினைந்து இருபது வருடம் அது உயிரோடு கிடக்கும். ஆழத் தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை பெரும்பாலும் முளைக்காது. தண்ணீர் வற்றி, சேறு வெளியே தெரிந்து, வெளிச்சமும் சூடும் பட்டு, பிறகு கொஞ்சம் ஈரம் வந்தால் முளைக்கும்.

இப்போது உங்கள் பெப்ரவரியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்த நாளில் மேலே இருந்த போர்வையை எடுத்துவிட்டீர்கள். சேற்றில் வெயில் விழுந்தது. மார்ச் கடைசியில் இடைப்பருவ மழை நாலு துளி போட்டது. சேற்றில் கிடந்தது எழும்பிற்று. மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்து தண்ணீரை உயர்த்தியபோது அந்த நாற்றுகள் மிதந்து, கழிவுநீரில் வந்த சத்தைக் குடித்து, ஒன்று இரண்டாகி நிரம்பிவிட்டன. நல்ல சத்துள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு வாரம் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும் செடி அது. நீங்கள் வாரியதில் பிழை இல்லை. வாரிய பிறகு மார்ச் கடைசியில் ஒருமுறை போய் அந்த நாற்றுகளைப் பார்த்தீர்களா? விரல் நீளத்தில், புல் மாதிரி இருக்கும். உப்பிய காம்பு இருக்காது. ஆகவே யாரும் அடையாளம் காண்பதில்லை. அந்த வயதில் ஒரு ஆள் ஒரு காலையில் வாளி வாளியாக எடுத்துவிடலாம். ஓகஸ்டில் அதே பரப்புக்குப் பத்துப் பேர் வேண்டும்.

சல்வீனியா கதை வேறு. அது 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவுக்குப் பாடத்துக்காக வந்த செடி. தொட்டியிலிருந்து வெளியே போய் வயல், வாய்க்கால் எல்லாம் பரவிவிட்டது. ஆனால் அதற்கு விதை கிடையாது, மலடு. துண்டாக ஒடிந்துதான் பெருகும். கடும் வறட்சியில் குளம் வற்றினால் அந்தக் குளத்தில் முழுவதும் செத்துவிடும். வெள்ளம் வந்தால் மேலேயிருந்து துண்டு வந்து திரும்பப் பிடிக்கும். வறட்சி ஒன்றுக்குப் பகை, மற்றதற்கு விதைப்புக் காலம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மாதிரி வாரினால் ஒன்றில் வெற்றி, மற்றதில் தோல்வி.

சல்வீனியாவுக்கு வண்டு இருக்கிறது. அந்த வண்டைக் கண்டுபிடித்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் ஒரு வருடம்கூட விட்டதில்லை. செடியை ரொம்பக் காலம் வேறொரு இனம் என்று நினைத்து, அந்த வேறு இனத்தைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பலிக்கவில்லை. 1972இல்தான் இது தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். 1978இல் இதன் சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசில் என்று தெரிந்தது. அங்கே போய்ப் பார்த்தால் இரண்டு மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு கறுப்பு வண்டு குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. 1980இல் அவுஸ்திரேலியாவில் ஒரு ஏரியில் விட்டார்கள், ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஏரி தெளிந்தது. 1980களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் அது வந்தது. வெங்காயத்தாமரைக்கும் வேறு வண்டு அந்தக் காலத்திலேயே வந்தது.

கேள்வி என்னவென்றால், நீங்கள் முழுவதும் வாரும்போது வண்டையும் சேர்த்து வாரிவிடுகிறீர்கள். செடி விதையிலிருந்து திரும்ப வரும், வண்டு எங்கிருந்து வரும்?


பாமன்கடைத் தம்பி:

சேர், மருந்து அடித்தால் என்ன? கிளைபொசேட் களைக்கொல்லிக்கு இருந்த தடையும் 2022இல் நீக்கியாயிற்றே. வேலை சுலபம் இல்லையா?


ஓய்வாசிரியர், தெஹிவளை:

தடை நீங்கியது பயிர் நிலத்துக்கு வசதி. ஓடும் தண்ணீர் வேறு விஷயம், தம்பி. அனுமதி இல்லாமல் ஈரநிலத்தில் எதையும் அடிக்கக் கூடாது. கொழும்பு 2018இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர், அந்த முதல் தொகுதியில் உலகம் முழுவதும் பதினெட்டு நகரங்கள்தான்.

அதை விட்டாலும் மழை இருக்கிறது. அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்தால் மருந்து கழுவிப் போய்விடும். வெயிலில் வாடி நிற்கும் செடி மருந்தை உள்ளே இழுக்காது. வானம் இப்படி நம்ப முடியாமல் இருக்கும்போது மருந்துக்குச் சரியான நாள் கிடைப்பதே அருமை. பலித்துவிட்டது என்றே வையுங்கள், ஒரு ஏக்கர் செடி ஒரே வாரத்தில் செத்துத் தண்ணீருக்குள் அழுகினால் ஒட்சிசன் இறங்கி மீன் மிதக்கும். அழுகியதிலிருந்து சத்து தண்ணீருக்கே திரும்பும். அடுத்த முளைப்புக்கு அதுவே உரம்.


கடுரு நிழல்:

அக்கா ஒருத்தி எழுதுகிறேன். ஜயவர்த்தனபுரக் கோட்டைப் பக்க ஈரநிலத்தில் ஆறு வருடம் களப்பணியில் இருந்தேன். ஆசிரியர் ஐயா தண்ணீர்ச் செடியைச் சொல்லிவிட்டார், நான் வெல் ஆத்தாவுக்கு வருகிறேன். அதுதான் என் மனதை அரிக்கிற செடி. வெங்காயத்தாமரை கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் கோபப்படுவார்கள். வெல் ஆத்தா பச்சையாக, மரமாக, நிழலாக நிற்கும். யாரும் கோபப்பட மாட்டார்கள். புல்லும் கோரையும் திறந்த தண்ணீருமாக இருந்த சதுப்பு ஐந்து பத்து வருடத்தில் மூடிய காடாகிவிடும். பெல்லன்வில - அத்திடிய 1990இல் சரணாலயமாக அறிவித்த இடம். அங்கே திறந்த சதுப்பாக இருந்த பகுதிகளில் இப்போது இந்த மரத்துக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. கொக்கு இறங்க வெளி வேண்டும். மீன்பிடிப் பூனைக்குக் கரையும் கோரையும் வேண்டும்.

இந்த மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அன்னமுன்னா இன மரங்களை ஒட்ட அடிக்கட்டையாக வளர்த்தார்கள், ஈரத்தில் வேர் அழுகாது என்பதற்காக. அந்தக் குணம்தான் இப்போது நமக்கு எதிராக நிற்கிறது. காய் பழுத்து விழும், மிதக்கும். விதையும் மிதக்கும். தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் முளைக்கும், உவர்த் தண்ணீரிலும் சாகாது. வெள்ளம் இறங்கும்போது தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றதோ, அந்தக் கோடு நெடுக விதையை வைத்துவிட்டுப் போகும். வெள்ளத்துக்குப் பின் நாலைந்து வாரம் கழித்துக் கரையில் நடந்து பாருங்கள். யாரோ நூல் பிடித்து நட்ட மாதிரி வரிசையாக நாற்று நிற்கும். நான் முதல்முறை அதைக் கண்டபோது யார் இங்கே தோட்டம் போட்டது என்றுதான் கேட்டேன்.

அந்த வரிசைதான் உங்கள் வாய்ப்பு. இரண்டு இலை, நாலு இலை நாற்று ஈரச் சேற்றிலிருந்து இரண்டு விரலால் வேரோடு வரும். மூன்று மாதம் போனால் ஆணிவேர் பிடித்துவிடும், மண்வெட்டி வேண்டும். ஒரு வருடம் போனால் கத்தி, பிறகு அடிக்கட்டையைத் தோண்ட ஆள். அடிக்கட்டையை விட்டால் சுற்றித் தளிர் வரும். நான் ஒரே கட்டையில் ஏழு தளிர் எண்ணியிருக்கிறேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய்த் தளிரை ஒடித்துக்கொண்டே இருந்தால் கட்டை களைத்துச் சாகும். இடையில் ஒரு மழைக்காலம் விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

நல்ல செய்தி ஒன்று உண்டு. இதன் விதை வெங்காயத்தாமரை விதை மாதிரி இருபது வருடம் மண்ணில் காத்துக் கிடக்காது. காய்க்கிற மரத்தை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் நாற்றை விடாமல் பிடுங்கினால் அந்த இடம் உங்களுடையது. மேலேயிருந்து வெள்ளத்தில் வருவதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆகவே எந்த மரத்தை முதலில் வெட்டுவது என்றால், பெரியதை அல்ல, காய்ப்பதை. அதிலும் வாய்க்காலின் மேல் பக்கத்தில் காய்ப்பதை.

ஒரு எச்சரிக்கை. கடுரு மரத்தை வெல் ஆத்தா என்று வெட்டிவிடாதீர்கள். இரண்டும் சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டின் காயும் உருண்டையாக மிதக்கும். கடுரு நம் சதுப்புக்குரிய மரம். ஒரு இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் கடுரு, விட்டுவிடுங்கள். பால் வராது, காம்பின் இரு பக்கமும் இலை மாறி மாறி ஒரே தளத்தில் நிற்கும் என்றால் வெல் ஆத்தா. கடுருப் பால் கண்ணில் பட விடாதீர்கள், அது நஞ்சு. ஒரு சிரமதானத்தில் இருபது கடுரு வெட்டியதை நான் பார்த்து அழுதேன். நல்ல மனதோடு வந்த பிள்ளைகள், அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.


வவுனியா வயல்:

நான் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிறேன், காணி வவுனியாவில். தண்ணீர்க் களை பற்றித் தெரியாது, ஆனால் மழை மாறியதால் களை எப்படி மாறிற்று என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பார்த்தீனியம் 1990களின் கடைசியில்தான் பேச்சுக்கு வந்தது.

அப்பா காலத்தில் மாரி மழை ஒக்டோபரில் தொடங்கினால் தை வரை ஒரே மூச்சாக இருக்கும். களை ஒருமுறை முளைக்கும், ஒருமுறை பிடுங்குவோம். இப்போது மூன்று நாள் கொட்டும், மூன்று வாரம் காயும், திரும்பக் கொட்டும். ஒவ்வொரு கொட்டுக்கும் பார்த்தீனியம் ஒரு முளைப்பு. முளைத்து ஒரு மாதத்தில் பூவுக்கு வந்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆகவே நாங்கள் களை எடுக்கும் நாளைக் கலண்டரில் குறிப்பதை விட்டுவிட்டோம். பெருமழை பெய்த நாளிலிருந்து எண்ணுவோம். இருபதாம் நாள் காணிக்குள் நடப்போம். ரோசாப்பூ இதழ் மாதிரி இலை தரையோடு படிந்திருக்கும், பூ இருக்காது. அந்த நேரம் கையுறை போட்டுப் பிடுங்கினால் வேர் வரும், சொறி வராது, விதை விழாது.

இன்னொன்று. களை வரும் வழியையும் மறிக்க வேண்டும். எங்களுக்கு அது வெளியிலிருந்து வாங்கும் ஆட்டெருவில் வந்தது. நன்றாக மக்காத எருவை இப்போது வாங்குவதே இல்லை.


நீர்க்கோழி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இன்று காலை கையடக்கப் பூதக்கண்ணாடியோடு போனேன்.

ஐயா சொன்ன புல் மாதிரி நாற்று இருக்கிறது. மதகுக்குப் பக்கத்துச் சேற்றில், ஒரு பாய் அகலத்துக்கு. மூன்று வருடமாக அதை மிதித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறோம்.

வெங்காயத்தாமரை இலைகளில் சில இடத்தில் பச்சையைச் சுரண்டிய மாதிரிச் சிறு சிறு கட்டங்கள், ஒரு அரிசிமணியில் பாதி அளவு. அப்புறம் மூலையில் கொஞ்சம் சல்வீனியா. அதன் இலைமேல் உள்ள மயிரைக் கண்ணாடியில் பார்த்தேன், முட்டை அடிக்கிற கம்பி மாதிரி நுனியில் கூடிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர்த் துளி அதன்மேல் முத்தாக நிற்கிறது, இலை நனைவதே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அந்தக் கட்டங்கள் வண்டா?


ஓய்வாசிரியர், தெஹிவளை:

வண்டேதான்! இலைச் சுரண்டல் அதன் கையெழுத்து. புழு காம்புக்குள் துளைத்துப் போகும், காம்பு பழுப்பாகி அமிழும். உங்கள் இடத்தில் அது இருக்கிறது என்றால் பெரிய பேறு.

ஆகவே இனி முழுவதும் வாராதீர்கள். ஓட்டம் இல்லாத ஒரு மூலையில், மதகிலிருந்து தள்ளி, ஒரு அறை அளவுக்குச் செடியை விட்டு வையுங்கள். மூங்கிலால் ஒரு சட்டம் கட்டி அதற்குள் நிறுத்துங்கள். சுரண்டல் அதிகமுள்ள செடிகளைத் தேர்ந்து அதற்குள் போடுங்கள். பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள், விதை விழ வேண்டாம். பெருவெள்ளம் மற்ற எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனாலும் வண்டுக்கு ஒரு வீடு மிஞ்சும். வெள்ளத்துக்குப் பிறகு செடி வேகமாக வரும், வண்டு மெதுவாக வரும். அந்த இடைவெளியில்தான் எல்லா இடத்திலும் உயிரியல் முறை தோற்றதாகச் சொல்கிறார்கள். அது தோற்கவில்லை, பிந்துகிறது. நீங்கள் அந்தச் சட்டத்திலிருந்து வண்டுள்ள செடிகளை எடுத்து நாலு இடத்தில் போட்டால் பிந்தாது.


கொலன்னாவை வாசி:

மூங்கில் சட்டம் கட்டுவது சரி, ஐயா. ஆனால் வாய்க்காலுக்குக் குறுக்கே மட்டும் கட்ட வேண்டாம். ஒரு முறை யாரோ செடியை மறிக்க என்று குறுக்கே மூங்கில் கட்டி, மழையில் அதிலேயே எல்லாம் சிக்கித் தண்ணீர் ஒழுங்கைக்குள் திரும்பியது. 2025 நவம்பர் புயல் மழையில் களனி ஆறு ஏறியதைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரையோடு ஒட்டி, ஓட்டத்துக்கு இடம் விட்டுக் கட்டுங்கள். பெருமழை அறிவிப்பு வந்தால் போய் ஒருமுறை கட்டைப் பாருங்கள்.

அப்புறம் வாரியதை எங்கே போடுவது? அதைச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.


கடுரு நிழல்:

அண்ணா கேட்டது சரியான கேள்வி. இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அப்படியே தூக்கி லொறியில் ஏற்றினால் தண்ணீரை ஏற்றிப் போகிற செலவு. எங்கள் வழி: கரைக்கு மேலே, வெள்ளக் கோட்டுக்கு மேலே, பலகைமேல் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிக் காய வைப்போம், வேர் மேலே பார்க்க. இரண்டு மூன்று நாள் வெயில் கிடைத்தால் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். பிறகு உரப்பையில் கட்டலாம். மலையாகக் குவித்தால் அண்ணா சொன்ன மாதிரி அடியில் உயிரோடு இருக்கும்.

பசளையாக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பூமரத்துக்கும் நிழல் மரத்துக்கும் போடுங்கள். கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். நகர வாய்க்காலில் என்னென்ன கலக்கிறது என்று நமக்குத் தெரியும், இந்தச் செடி ஈயம் போன்ற பார உலோகங்களை வேரில் இழுத்து வைத்துக்கொள்ளும். பூத்து விதை வைத்ததைப் பசளைக் குழியிலும் போட வேண்டாம்.


மெல்பேர்ன் மாமி:

அக்கா வீட்டுக்கு வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறேன். கீரை என்று வந்ததால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதுவும் களைதான்.

1990களில் அவுஸ்திரேலியாவில் நம் இலங்கை ஆட்கள் வீட்டுத் தோட்டங்களில் பொன்னாங்காணி என்று வளர்த்தது பொன்னாங்காணியே அல்ல. அலிகேட்டர் களை என்ற தென்னமெரிக்கச் செடி, அங்கே தடை செய்யப்பட்டது. ஒரே இனக் குடும்பம், இலை ஒரே மாதிரி. நாங்களும் ஆசையாய்க் கிளை வாங்கி நட்டுத் துவையல் அரைத்துச் சாப்பிட்டோம். அதிகாரிகள் வீடு வீடாக வந்து, திட்டாமல், பக்குவமாக விளக்கி, அதை எடுத்துவிட்டு மாற்றுக் கீரை தந்தார்கள். வாய்க்காலில் ஒரு கணு விழுந்தால் அது தண்ணீரிலும் பிடிக்கும், தரையிலும் பிடிக்கும். இங்கே இலங்கையிலும் அது இருக்கிறது.

பிரித்தறிவது சுலபம். பொன்னாங்காணியில் வெள்ளைப் பூ இலைக்கக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும். மற்றதில் பூவுக்கு ஒரு நீளக் காம்பு இருக்கும், வெள்ளைப் பொத்தானைக் குச்சியில் குத்திய மாதிரி. தண்டை ஒடித்தால் உள்ளே குழாய். வாய்க்கால் ஓரம் பிடுங்கி முகுணுவென்ன (பொன்னாங்காணிக்குச் சிங்களப் பெயர்) என்று கட்டு விற்கிற பிள்ளைகளிடம் தயவுசெய்து இதைக் காட்டுங்கள்.


நீர்க்கோழி:

மாமி, நாளைக்கே சந்தையில் பார்க்கிறேன். எங்கள் கரையில் குழாய்த் தண்டு ஒன்று இருக்கிறது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஐயா, அக்கா, இன்னும் ஒன்று. வவுனியா அண்ணா மழையிலிருந்து நாள் எண்ணுவது போல நாங்கள் எதை எண்ணுவது? எங்களுக்கு மழை இங்கே பெய்யாமலே தண்ணீர் ஏறுகிறது, அவிசாவளைப் பக்கம் பெய்தாலே களனி ஏறித் தண்ணீர் வடியாமல் நிற்கிறது.


ஓய்வாசிரியர், தெஹிவளை:

அதனால்தான் மழையை விட்டுவிட்டுத் தண்ணீரை எண்ணுங்கள். ஒரு கம்பு நடுங்கள். அதில் இரண்டு கோடு. சேறு வெளியே தெரியத் தொடங்கும் மட்டத்தில் சிவப்பு. கரைப் புல் நனையும் மட்டத்தில் நீலம்.

தண்ணீர் சிவப்புக்குக் கீழே இறங்கினால், அது பெப்ரவரியோ ஓகஸ்டோ, பெரிய வாரலுக்கு நாள் அது. அது திரும்பச் சிவப்பைத் தொட்ட நாளிலிருந்து மூன்றாம் வாரம் சேற்று நாற்றுக்கு. நீலத்தைத் தாண்டி ஏறி இறங்கினால், இறங்கிய நாளிலிருந்து ஐந்தாம் வாரம் அக்கா சொன்ன வரிசை நாற்றுக்கு. தண்ணீர் இடைநடுவில் நிற்கும் மாதங்களில் தளிர் ஒடிப்பதும், காய்க்கும் மரத்தைத் தேடுவதும், வண்டுச் சட்டத்தைப் பார்ப்பதும். வருடத்தில் ஒரு பெருநாள் வைப்பதைவிட, இரண்டு பேர் இரண்டு மணி நேரம் என்று பதினைந்து காலைகள் போவது கூடப் பலன் தரும். என் அனுபவத்தில் கூட்டம் சேர்ப்பது சுலபம், கூட்டம் போன பிறகு மூன்றாம் வாரம் போக ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அந்த இரண்டு பேரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ வருடங்களைக் கவனியுங்கள். அந்த வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை கூடுவதும், பிறகு தை மாசியில் வற்றுவதும் வழக்கம். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சூடேறும் வருடமும் ஒக்டோபர் நவம்பரைப் பெருக்கும், 2019இல் அது மிகப் பலமாக இருந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவ முன்னறிவிப்பையும் பாருங்கள். அதை வைத்து நாள் குறிக்க வேண்டாம், ஆள் சேர்ப்பதற்கு மட்டும் வையுங்கள். நாளைக் கம்பு சொல்லட்டும்.


பாமன்கடைத் தம்பி:

நீர்க்கோழி அண்ணா, அந்த மூன்றாம் வாரத்துக்கு நான் வருகிறேன். எனக்குச் செவ்வாயும் வியாழனும் காலை வேலை இல்லை. கடுருவையும் ஆத்தாவையும் யாராவது ஒருமுறை நேரில் காட்டினால் போதும்.


கடுரு நிழல்:

வியாழன் ஆறரைக்கு வாய்க்கால் மதகடியில் நான் நிற்பேன், தம்பி. நீளக்கை சட்டை போடு. இரண்டு மரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ஒரு இடம் எனக்குத் தெரியும், நடந்து போகலாம்.


நீர்க்கோழி:

கம்பு நட்டாயிற்று. பழைய பிவிசி குழாய், உள்ளே கொங்கிறீட் ஊற்றி. நேற்று ஒரு மழை போட்டது, ஆனாலும் இன்று காலை தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே நாலு விரல்தான். அக்கா, வியாழக்கிழமை நானும் வருகிறேன். மூங்கில் நாலு துண்டு கொண்டு வருகிறேன், கயிறு யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.